முதல் ஆட்டத்தின் கணக்கு

அன்புள்ள ஐயா,

என் மகள் நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் இருக்கிறாள். மருமகன் அங்குள்ள மெட்ஸ் என்ற பேஸ்பால் அணியின் தீவிர ரசிகர். போனில் பேசும்போதெல்லாம் அந்த அணி தோற்ற கதையைத்தான் சொல்வார். போன வாரம் மட்டும் பெருமையாக ஒன்று சொன்னார்: சீசனின் முதல் ஆட்டத்தை ஜெயிப்பதில் அமெரிக்காவிலேயே மெட்ஸ்தான் முதலிடமாம். 162 ஆட்டம் ஆடுகிற லீகில் முதல் ஆட்டத்துக்கென்று தனிக் கணக்கா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஐபிஎல்லில் மும்பை இந்தியன்ஸ் வருஷா வருஷம் முதல் மேட்சைத் தோற்றுவிட்டு ஐந்து கோப்பை வாங்கவில்லையா? "முதல் மேட்ச் சாமிக்கு" என்று அதற்கு ஒரு வசனமே உண்டே. இந்தப் புள்ளிவிவரத்துக்கு ஏதாவது அர்த்தம் உண்டா? இல்லை, தோற்கிற அணியின் ரசிகர்கள் மனசைத் தேற்றிக்கொள்ள வைத்திருப்பதா? வரும் ஏப்ரலில் அங்கே போகிறேன், ஆட்டத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

ஒரு வாசகர், திருச்சி

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மருமகன் சொன்னது உண்மை. 1962 முதல் 2025 வரை மெட்ஸ் 64 சீசன்களைத் தொடங்கியிருக்கிறது. அந்த 64 முதல் ஆட்டங்களில் 41 வெற்றி, 23 தோல்வி. அங்குள்ள உச்ச பேஸ்பால் லீகான மேஜர் லீகின் 30 அணிகளில் இதைவிட நல்ல விகிதம் யாருக்கும் இல்லை. மொத்த வரலாற்றையும் எடுத்துக்கொண்டால் அதே அணி ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். முதல் நாளில் மட்டும் ராஜா.

இதில் இன்னொரு விசேஷம், அந்த 23 தோல்விகளில் எட்டு முதல் எட்டு வருஷங்களிலேயே வந்தவை. 1962 முதல் 1969 வரை ஒரு முதல் ஆட்டத்தைக்கூட மெட்ஸ் ஜெயிக்கவில்லை. அதற்குப் பிறகான 56 ஆட்டங்களை மட்டும் பார்த்தால் 41-க்கு 15.

அந்த முதல் எட்டு வருஷத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெட்ஸ் பிறந்ததே ஒரு இழப்பிலிருந்து. புரூக்ளின் டாட்ஜர்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டு அணிகளும் 1957 சீசன் முடிந்ததும் ஊரைவிட்டு கலிஃபோர்னியா போய்விட்டன. அந்த வெற்றிடத்தை நிரப்ப உருவான அணி இது. 1962 ஏப்ரல் 10 அன்று செயின்ட் லூயிஸில் ஆட வேண்டிய முதல் ஆட்டத்தை மழை கெடுத்தது. மறுநாள் ஆடினார்கள். முதல் இன்னிங்ஸிலேயே (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ராஜர் க்ரெய்க், எதிரணி ஆள் மூன்றாவது பேஸில் (ஒரு ரன்னுக்குச் சுற்றி ஓட வேண்டிய நான்கு நிலைகளில் மூன்றாவதில்) நிற்கும்போது, வீசும் முன்பே பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டார். வீசத் தொடங்கிய பிட்சர் பாதியில் நின்றால் அதற்கு பால்க் என்று பெயர். பேஸில் நிற்பவர்களுக்கு ஒரு பேஸ் இலவசம். மட்டையே வீசாமல் ஒரு ரன் போனது. ஆட்டம் 11-4 என்று தோல்வி. அத்தோடு நிற்கவில்லை, முதல் ஒன்பது ஆட்டங்களும் தோல்வி. அந்த வருஷக் கணக்கு 40 வெற்றி, 120 தோல்வி. அணியின் முதல் ஹோம் ரன்னும் (நம் சிக்ஸர் மாதிரி) அந்த முதல் ஆட்டத்தில்தான் வந்தது, அடித்தவர் கில் ஹாட்ஜஸ். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1969-க்கு வருவோம். இப்போது ஹாட்ஜஸ் மேனேஜர், நம் கிரிக்கெட்டின் பயிற்சியாளரும் கேப்டனும் சேர்ந்த மாதிரியான பொறுப்பு. ஏப்ரல் 8 அன்று, மெட்ஸின் அன்றைய சொந்த மைதானமான ஷே ஸ்டேடியத்தில், எதிரணி மான்ட்ரியல் எக்ஸ்போஸ். அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் மேஜர் லீக் அணி அது, அன்றுதான் அவர்களுடைய முதல் ஆட்டமே. மெட்ஸ் பக்கம் வீசியது டாம் சீவர், 24 வயது. அவர் வீச்சில் ஹோம் ரன் அடித்தவர் டேன் மக்கின், எதிரணியின் பிட்சர்! எக்ஸ்போஸின் வரலாற்றில் முதல் ஹோம் ரன் அதுதான். கடைசி இன்னிங்ஸில் டஃபி டயர், பேஸில் நின்றவர்களையும் சேர்த்து மூன்று ரன் தந்த ஹோம் ரன் அடித்து நெருங்கி வந்தும் 11-10 என்று தோல்வி. அந்த வருஷ முடிவில் எக்ஸ்போஸ் 110 ஆட்டங்களில் தோற்றிருந்தது. மெட்ஸ் 100 ஆட்டங்களில் ஜெயித்து, உலகத் தொடர் எனப்படும் இறுதிப்போட்டியில் பால்டிமோர் ஓரியோல்ஸை 4-1 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது.

ஆக, முதல் ஆட்டம் சீசனைப் பற்றி எதையும் சொல்லாது என்ற உங்கள் வாதத்துக்கு மெட்ஸே சாட்சி. மும்பை 2013-இலிருந்து 2025 வரை ஒரு சீசனின் முதல் ஆட்டத்தைக்கூட ஜெயிக்கவில்லை. அதற்குள் 2013, 2015, 2017, 2019, 2020 என்று ஐந்து கோப்பைகள். மெட்ஸ் கதை இதற்கு நேர் எதிர். 1975 முதல் 1983 வரை தொடர்ந்து ஒன்பது முதல் ஆட்டங்களை ஜெயித்தார்கள். அந்த ஒன்பது வருஷத்தின் பெரும்பகுதி மெட்ஸ் வரலாற்றின் இருண்ட காலம். 1977, 78, 79 மூன்றிலும் தங்கள் பிரிவில் கடைசி இடம், 82, 83-லும் அப்படியே. 1993 இன்னும் கொடுமை. கொலராடோ ராக்கீஸ் அணியின் முதல் ஆட்டம் ஷே ஸ்டேடியத்தில் நடந்தது. டுவைட் குடன் ஆட்டம் முழுக்கத் தானே வீசி ஒரு ரன்கூடத் தராமல் 3-0 என்று முடித்தார். அந்த வருஷம் மெட்ஸ் தோற்ற ஆட்டங்கள் 103.

இந்த இடம்வரை நாம் ஒத்துப்போகிறோம். "அப்போ அர்த்தமே இல்லை" என்று நீங்கள் தாண்டும்போதுதான் நான் நிற்கிறேன்.

கிரிக்கெட்டில் டி20 என்றால் ஒரு பந்துவீச்சாளருக்கு நான்கு ஓவர். பேஸ்பாலில் அப்படி எந்த வரம்பும் இல்லை. தொடங்கி வைக்கிற பிட்சர் நன்றாக வீசினால் ஆட்டத்தின் பெரும்பகுதி அவர் கையில்தான். ஆனால் தோள் தாங்காது என்பதால் நாலைந்து ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் அவர் தொடங்க முடியும். எனவே ஒரு சாதாரண அணியில் ஒரே ஒரு மகத்தான பிட்சர் இருந்தால், அவர் வீசும் நாளில் அது வேறு அணி, மற்ற நாட்களில் பழைய அணி. முதல் ஆட்டத்தில் யார் வீசுவார்? ஏஸ் என்று அவர்கள் சொல்கிற முதல்தரப் பிட்சர்தான். குளிர்காலம் முழுக்க ஓய்வெடுத்த தோளோடு வருவார். எதிரணியும் தன் ஏஸைத்தான் இறக்கும், உண்மைதான். ஆனால் உங்கள் ஏஸ் எல்லோருடைய ஏஸையும்விட ஒரு படி மேலே இருந்தால்?

மெட்ஸுக்கு அப்படி இருந்தவர் சீவர். 1968 முதல் 1977 வரை பத்து வருஷம் தொடர்ந்து முதல் ஆட்டம் அவருடையது, பிறகு 1983-இல் ஒன்று. அந்த 11 ஆட்டங்களில் அணி எட்டில் ஜெயித்தது. பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியையும் தோல்வியையும் ஒரு பிட்சர் பெயரில் எழுதுவார்கள், அவர் தொடங்கியவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சீவர் பெயரில் எழுதப்பட்டவை ஆறு வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. பின்னால் வேறு அணிகளுக்கும் சேர்த்து அவர் வீசிய முதல் ஆட்டங்கள் 16, இது மேஜர் லீக் சாதனை. மெட்ஸுக்கு இந்த வரிசை அப்புறமும் அறுபடவில்லை. குடன் வந்தார், யோஹான் சான்டானா வந்தார், ஜேக்கப் டிகிராம் வந்தார். பேட்டிங்கில் இப்படி ஒரு வரிசையை மெட்ஸ் பெற்றதில்லை. அதனால்தான் முதல் நாள் பட்டியலில் மேலேயும் மொத்தப் பட்டியலில் கீழேயும் நிற்கிறது என்பது என் கணிப்பு.

இதில் ராசி, அதாவது தற்செயல், இல்லையா என்றால் இருக்கிறது. 64 முறை நாணயத்தைச் சுண்டினால் 41 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் கொஞ்சம் குறைவு. அரிதுதான். ஆனால் 30 பேர் தனித்தனியாகச் சுண்டினால் அவர்களில் ஒருவருக்காவது அப்படி விழுவது அவ்வளவு அரிதல்ல. ஏஸ் அடி வாங்கியும் ஜெயித்த நாளும் உண்டு. 1994-இல் சிகாகோவில் டஃபி ரோட்ஸ் என்பவர் குடனின் பந்தில் அடுத்தடுத்து மூன்று ஹோம் ரன் அடித்தார். மெட்ஸ் 12-8 என்று ஜெயித்தது. அந்த வெற்றியைப் பிட்சர் கணக்கில் எழுத முடியாது. எல்லாமே சீவரால் என்று சொன்னால் அது பக்தி, எல்லாமே நாணயம் என்று சொன்னால் அது சோம்பல்.

இனி உங்கள் இன்னொரு கேள்வி, மனசைத் தேற்றிக்கொள்ளத்தானா என்பது. இதற்கு இரண்டு முதல் ஆட்டங்களைச் சொல்கிறேன்.

ஒன்று 1972. அந்த வசந்தத்தில் பேஸ்பால் வீரர்கள் வரலாற்றில் முதல் முறையாக லீகையே நிறுத்திய வேலைநிறுத்தம் செய்தார்கள். சீசன் தள்ளிப்போனது. அந்தக் காத்திருப்பில், ஏப்ரல் 2 அன்று ஃபுளோரிடாவில் கோல்ஃப் ஆடிவிட்டுத் திரும்பும்போது கில் ஹாட்ஜஸ் மாரடைப்பில் இறந்தார். 48-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. முதல் ஆட்டத்தில் அணியின் முதல் ஹோம் ரன்னை அடித்தவர், முதல் கோப்பையை வாங்கித் தந்தவர். ஏப்ரல் 15 அன்று, அவர் இல்லாமல், மெட்ஸ் ஷே ஸ்டேடியத்தில் இறங்கியது. எதிரணி முந்தைய வருஷ சாம்பியன் பிட்ஸ்பர்க். சீவர் வீசினார். 4-0 வெற்றி.

இன்னொன்று 1983. நடுவில் நடந்ததைச் சொன்னால்தான் புரியும். 1977 ஜூன் 15 அன்று மெட்ஸ் நிர்வாகம் சம்பளத் தகராறில் சீவரை சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டது. நியூயார்க் ரசிகர்கள் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை; உங்கள் மருமகன் பிறப்பதற்கு முன்பே நடந்ததாக இருக்கலாம், கேட்டுப்பாருங்கள், அவருக்கும் கோபம் வரும். ஆறு வருஷம் கழித்து, 38 வயதில், அவரைத் திரும்ப வாங்கினார்கள். ஏப்ரல் 5, முதல் ஆட்டம், ஷே ஸ்டேடியம். பயிற்சிப் பந்துகளை வீசி முடித்துவிட்டு அவர் மைதானத்தின் ஓரமாக நடந்து வந்தபோது கூட்டம் எழுந்து நின்றது. எதிரே பிலடெல்ஃபியாவின் ஸ்டீவ் கார்ல்டன், 70-களில் அவரோடு எத்தனையோ முறை மோதியவர். முதல் பேட்டர் பீட் ரோஸ், மேஜர் லீகிலேயே அதிக ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸை எட்டுவது) அடித்த சாதனையை எட்டிப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர். அவரை ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட், செய்தார் சீவர். ஆறு இன்னிங்ஸ் ரன் தராமல் வீசிவிட்டுப் போனார். மீதியை டக் சிஸ்க் பார்த்துக்கொண்டார். 2-0. அந்தப் பிலடெல்ஃபியாதான் அந்த வருஷம் உலகத் தொடர் வரை போனது. மெட்ஸ் 94 தோல்விகளோடு கடைசி இடம்.

அன்று எழுந்து நின்றவர்களுக்கு அணியின் தரம் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் வந்தார்கள். தங்களிடமிருந்து பறிக்கப்பட்ட ஒருவரைத் திரும்பப் பார்த்தார்கள், அவர் ஜெயிக்க வைத்ததையும் பார்த்தார்கள். இதைத் தேற்றுதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் மருமகன் "41" என்று சொல்லும்போது இதெல்லாம் சேர்ந்துதான் சொல்கிறார். (சீவரின் சட்டை எண்ணும் 41-தான். இதில் பொருள் தேட வேண்டாம், ஆனால் மெட்ஸ்காரர்களுக்குச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள்.)

இந்தச் சாதனை நீடிக்குமா என்பதில் எனக்குக் கவலை உண்டு. பிட்சர்களை இப்போது சீக்கிரமே வெளியே எடுத்துவிடுகிறார்கள். 2021-இல் டிகிராம் ஆறு இன்னிங்ஸ் ரன் தராமல் வீசினார், போதாததற்கு மட்டையெடுத்து ஒரு ரன்னும் கொண்டுவந்தார். 77 பந்தோடு அவரை நிறுத்தினார்கள். எட்டாவது இன்னிங்ஸில் மற்றவர்கள் ஐந்து ரன் கொடுத்து ஆட்டம் 5-3 என்று போனது. சீவர் காலத்தில் அந்த நிலையில் அவரிடமிருந்து பந்தை வாங்க யாருக்கும் மனசு வந்திருக்காது. காயத்தைத் தடுக்கத்தான் இப்படிச் செய்கிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மனிதர் ஒரு நாளை முழுசாகத் தன் கையில் எடுத்துக்கொள்கிற காட்சி குறைந்துவிட்டது. 2024, 2025 இரண்டு முதல் ஆட்டங்களும் 3-1 தோல்வி. 2024-இல் முதல் ஐந்து ஆட்டமும் தோற்ற அணி அரையிறுதிக்குச் சமமான சுற்றுவரை போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் கேட்பீர்கள்.

சரி, ஏப்ரல் பயணம். மெட்ஸ் இப்போது ஆடுவது சிட்டி ஃபீல்டில், ஷே ஸ்டேடியம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில். ப்ளஷிங் பிள்ளையார் கோவிலுக்கு உங்களைக் கட்டாயம் கூட்டிப்போவார்கள், மைதானம் அங்கிருந்து ரொம்ப தூரம் இல்லை. ரயிலில் போவதென்றால் 7-ஆம் எண் ரயில், மெட்ஸ்-வில்லெட்ஸ் பாயின்ட்டில் இறங்க வேண்டும். ஏப்ரல் அங்கே நம் மார்கழியைவிடக் குளிரும், மாலை ஆட்டமென்றால் ஸ்வெட்டர் போதாது. டிக்கெட் எடுக்கும் முன் அன்று யார் பிட்சர் என்று மருமகனைப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று நாள் முன்பே அறிவித்துவிடுவார்கள். ஏஸ் வீசும் நாளாகப் பார்த்துப் போங்கள். கொஞ்சம் முன்னதாகப் போனால் அவர் பயிற்சிப் பந்து வீசுவதையும் பார்க்கலாம். பந்து எங்கே போகிறது என்று துரத்தாமல், முதல் மூன்று இன்னிங்ஸ் பிட்சரையும் அவருக்கு எதிரே குந்தியிருக்கும் கேட்சரின் கையுறையையும் மட்டும் பாருங்கள். கேட்சர் கையுறையை எங்கே வைக்கிறார், பந்து அங்கே வந்து விழுகிறதா என்பது போதும். மற்ற விதிகளை மருமகன் சொல்லித் தருவார்.

அன்புடன்.