வணிகச் சேனல்களைப் பார்த்துப் பங்குகளில் முதலீடு செய்யலாமா?

செய்திக்காகத் தாராளமாகப் பாருங்கள். எந்தப் பங்கை வாங்குவது, எதை விற்பது என்று முடிவெடுப்பதற்காகப் பார்க்காதீர்கள். நீண்ட காலமாக இந்தச் சேனல்களைப் பார்த்துவருபவன் என்பதால் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

பரிந்துரை உங்கள் காதில் விழும்போதே அதன் பலன் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். அமெரிக்கச் சேனலான சிஎன்பிசியின் நிகழ்ச்சிகளை வைத்து பஸ்ஸி, கிரீன் என்ற நிதியியல் ஆய்வாளர்கள் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பங்கைப் பற்றிச் சாதகமாகப் பேசிய சில நொடிகளில் விலை நகரத் தொடங்குகிறது, ஒரு நிமிடத்துக்குள் அந்தச் செய்தி முழுவதும் விலையில் ஏறிவிடுகிறது என்று அதில் கண்டார்கள். நாம் யோசித்து முடிப்பதற்குள் விலை அங்கே போய் நிற்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது, ஒரு நிமிடப் பதிலில் எவ்வளவு விட்டுப்போகிறது என்பது. 2008 மார்ச் 11 அன்று அதே சிஎன்பிசியில் பங்குப் பரிந்துரை நிகழ்ச்சி நடத்திவந்த ஜிம் கிராமரிடம் ஒரு நேயர், பேர் ஸ்டெர்ன்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி நிறுவனத்திலிருந்து பணத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார். நிறுவனம் நன்றாகத்தான் இருக்கிறது, எடுக்க வேண்டாம் என்பது பதில். அன்று அதன் பங்கு 60 டாலருக்கு மேல் இருந்தது. மார்ச் 16 அன்று ஜேபி மார்கன் என்ற பெரிய அமெரிக்க வங்கி அந்த நிறுவனத்தைப் பங்குக்கு 2 டாலர் வீதம் வாங்க ஒப்புக்கொண்டது. பிறகுதான் அது 10 டாலராக உயர்த்தப்பட்டது. அங்கே கணக்கு வைத்திருப்பவர்களைப் பற்றித்தான் பேசினேன், பங்கைப் பற்றி அல்ல என்று கிராமர் பின்னர் விளக்கினார். அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றாலும் சிக்கல் தீரவில்லை. கணக்கில் பணம் வைத்திருப்பவருக்கும் பங்கு வாங்கியவருக்கும் ஆபத்து வேறு வேறு. அதைப் பிரித்துச் சொல்ல அந்த நேரம் போதவில்லை. கேட்டவர்கள் தங்களுக்கு ஏற்றபடி புரிந்துகொண்டார்கள்.

இன்னொன்று: வாங்கச் சொன்ன நிபுணர், விற்க வேண்டிய நாளில் உங்களைத் தேடி வரப்போவதில்லை. அந்த நிறுவனத்தின் நிலைமை மாறும் வேளையில் நிகழ்ச்சி வேறு பங்குக்குப் போயிருக்கும். உங்கள் வயது, கடன், எப்போது பணம் தேவைப்படும் என்பது எதுவும் அவருக்குத் தெரியாது. இவற்றைக் கேட்காமல் தரப்படும் ஆலோசனையை நம்பிச் சேமிப்பை இறக்குவது மிகவும் தவறு.

பார்க்கத் தகுந்தவையும் இருக்கின்றன. மத்திய வங்கியின் வட்டி விகித அறிவிப்பையும் அதைத் தொடரும் செய்தியாளர் சந்திப்பையும் நேரலையில் பார்ப்பேன். நிறுவனத் தலைவர்களின் பேட்டிகள் இன்னும் பயனுள்ளவை. கடன் ஏன் கூடியது என்று கேட்டால் விரிவாக்கத் திட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்குபவரைக் குறித்துவைத்துக்கொள்வேன். பிறகு காலாண்டு அறிக்கையை எடுத்து, அவர் தொடாமல் விட்ட எண்ணைத் தேடுவேன். பேட்டி பார்த்ததன் முழுப் பயனும் அந்தத் தேடலில்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது.

பேசுபவரிடம் அந்தப் பங்கு இருக்கிறதா என்ற அறிவிப்பு சில நிகழ்ச்சிகளில் திரையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஓடும். அவர் சொல்வதைக் கேட்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.