ரிப்போர்ட்டில் நார்மல், அப்புறம் எதற்கு பயாப்ஸி?

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு ஆறு வயது. என் சிறுநீரகத்தைத்தான் அவளுக்கு வைத்திருக்கிறார்கள், எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் 0.4 இருந்த கிரியேட்டினின் இப்போது 0.6. லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்றுதான் போட்டிருக்கிறது, குழந்தையும் ஓடியாடுகிறாள், காய்ச்சல் இல்லை. மறுபடி எடுத்தும் அதே 0.6 வரவே, சிறுநீரகத்தில் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்யச் சொல்கிறார்கள். வைத்த சிறுநீரகத்திலேயே ஊசி குத்துவதா என்று வீட்டில் தடுக்கிறார்கள். தள்ளிப் போடலாமா?
- ஒரு தாய், தர்மபுரி

பதில்: வேண்டாம் அம்மா, தள்ளிப் போடாதீர்கள். லேப்காரர்கள் அச்சடித்துத் தரும் 'நார்மல்' பெரும்பாலும் பெரியவர்களுக்கான கணக்கு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. உங்கள் மகளுக்குத் தசையே கொஞ்சம், உள்ளே இருப்பதோ உங்களுடைய முழு அளவுச் சிறுநீரகம், அதனால் ஒரு பகுதி பழுதானாலும் மிச்சம் இருப்பது சமாளித்துவிடும், ரத்தத்தில் எண் ஏறுவதற்குள் நாள் போய்விடும். 0.2 தானே என்று தோன்றும். 0.4-க்கு 0.2 என்பது பாதி! உயரத்தை 0.413-ஆல் பெருக்கி கிரியேட்டினினால் வகுத்தால் வடிகட்டும் திறன் தோராயமாகக் கிடைக்கும். மகளின் உயரம் நீங்கள் எழுதவில்லை, 105 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 108 இருந்தது 72-க்கு இறங்கியிருக்கிறது. குழந்தை வளர வளர இந்த எண் மெல்லக் கூடுவது இயல்புதான், ஆனால் அது வருடக்கணக்கில் நடக்கிற காரியம்.

ஓடியாடுகிறாளே என்றால், காய்ச்சல், வைத்த இடத்தில் வலி, சிறுநீர் குறைவது எல்லாம் அந்தக் காலத்து அடையாளங்கள். இப்போதைய மருந்துகளுக்கு நடுவே நிராகரிப்பு, அதாவது வைத்த சிறுநீரகத்தை உடல் ஏற்காமல் தாக்குவது, பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் வருகிறது.

சரி, நிராகரிப்பு என்றே வைத்துக்கொண்டு மருந்து கொடுத்துவிடலாமே என்று சில பெற்றோர் கேட்பார்கள். அங்கேதான் சிக்கல். நிராகரிப்பு என்றால் ஸ்டீராய்டைப் பெரிய அளவில், வழக்கமாக மூன்று நாள், நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். பிகே வைரஸ் என்று ஒன்று உண்டு, அது சிறுநீரகத்தைத் தாக்கினாலும் கிரியேட்டினின் இதே மாதிரிதான் ஏறும், ஆனால் அதற்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும். அப்படி அடக்கும் மருந்தான டாக்ரோலிமஸே அளவு மீறிச் சிறுநீரகத்தைக் கெடுத்தாலும் எண் ஏறும், நாலு நாள் பேதி போனாலே குழந்தைகளுக்கு ரத்தத்தில் அதன் லெவல் எகிறிவிடும். அதனால்தான் முதலில் ஸ்கேன், சிறுநீர் கல்ச்சர், டாக்ரோலிமஸ் லெவல், பிகே வைரஸ் டெஸ்ட் எல்லாம் பார்ப்பார்கள். இங்கே ஒரு விஷயம்: லெவலுக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், ரத்தம் எடுத்த பிறகு கொடுங்கள். வீட்டிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்பினால் லெவல் பொய்யாகக் கூடிக் காட்டும், அதை நம்பி டோஸைக் குறைத்தால் நாமே நிராகரிப்பை வரவழைத்த மாதிரி.

இவ்வளவும் பார்த்தபின் காரணத்தைக் கண்ணால் காட்டுவது பயாப்ஸிதான். வைத்த சிறுநீரகம் முன்பக்கம், தோலுக்குக் கிட்டத்தில் இருப்பதால் ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி போடலாம், சின்னக் குழந்தை என்பதால் தூங்க வைத்துத்தான் செய்வார்கள். நூல் மாதிரி ஒன்றிரண்டு துண்டு எடுப்பார்கள். அதில் குறைந்தது 10 வடிகட்டி முடிச்சும் 2 ரத்தக்குழாயும் இருந்தால்தான் நம்பிச் சொல்ல முடியும். 1991-ல் கனடாவில் பான்ஃப் என்ற மலையூரில் கூடிய மருத்துவர்கள் வகுத்துத் தந்த முறையை, அவ்வப்போது திருத்தி, இன்றும் அதை வைத்துத்தான் இந்தத் துண்டைப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். பிறகு சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும், ஒருநாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகலாம். பெரிய ரத்தக்கசிவு அபூர்வம்.

கேள்வி: ஊசியே குத்தாமல் ரத்தத்திலேயே கண்டுபிடிக்கப் புது டெஸ்ட் வந்துவிட்டதாமே?
- ஒரு வாசகர், கோவை

பதில்: வந்திருக்கிறது. தானம் கொடுத்தவரின் டி.என்.ஏ. துணுக்குகள் குழந்தையின் ரத்தத்தில் எவ்வளவு மிதக்கின்றன என்று அளப்பது. சிறுநீரகத்தில் ஏதோ சேதம் நடக்கிறது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. பயாப்ஸி தேவையா என்று முடிவெடுக்க உதவலாம், அதற்குப் பதிலாக நிற்காது.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகன். மாற்று சிகிச்சை முடிந்து ஐந்து வருடம். கிரியேட்டினின் ஏறவில்லை, ஆனால் டோனருக்கு எதிராக ஆன்டிபாடி (உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள்) வந்திருக்கிறதாம். மாத்திரை தவறவே இல்லை என்கிறான்.
- ஒரு தந்தை, மதுரை

பதில்: மாத்திரை தவறினால் இப்படி ஆன்டிபாடி வரலாம், அதனால் கடைசி ஒரு வருட டாக்ரோலிமஸ் லெவல்களை வரிசையாக எழுதிப் பாருங்கள் சார். ஒரு மாதம் 3, அடுத்த மாதம் 9, மறுபடி 4 என்று குதித்தால், டோஸ் மாறியதா, வேறு மருந்து சேர்ந்ததா, பேதி இருந்ததா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் மாத்திரை தவறுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். திட்டாதீர்கள், திட்டினால் ஒளிக்கத்தான் செய்வான். ஸ்டீராய்டால் முகம் ஊதுவதும் பருவும் அந்த வயதில் சின்ன விஷயமில்லை. ஆன்டிபாடியால் வருகிற நிராகரிப்புக்கு வெறும் ஸ்டீராய்டு போதாது, பிளாஸ்மா மாற்றுவது, இம்யூனோகுளோபுலின் என்று போக வேண்டியிருக்கும், நாள்பட்டுவிட்டால் அதுவும் சரியாகக் கேட்காது. எனவே சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கிரியேட்டினின் ஏறாவிட்டாலும் பயாப்ஸி சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். ராத்திரி டோஸ் டியூஷன் நேரத்தில் விழுகிறதா என்றும் அவனிடமே கேளுங்கள். டாக்ரோலிமஸில் ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் போடும் வகை இருக்கிறது, அவனுக்குச் சரிப்படுமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்கலாம்.