யாழ்ப்பாணத்தில் வலசைப் பறவைகளைப் பார்க்கச் சுண்டிக்குளம் வரை போகத்தான் வேண்டுமா?

வேண்டாம். பூநாரைக் கூட்டம்தான் வேண்டும் என்றால் சுண்டிக்குளம் போங்கள். 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், ஒரு முறையாவது பார்க்க வேண்டியது. மற்றபடி டவுனில் இருந்து சைக்கிளில் போகிற தூரத்திலேயே நிறைய இருக்கிறது.

நான் போவது பண்ணை வீதி. கோட்டையைத் தாண்டி மண்டைதீவுப் பக்கம் திரும்பினால் இரண்டு பக்கமும் பரவைக்கடல். புரட்டாதியில் தண்ணீர் குறைந்து சேறு தெரியும்போதுதான் சேற்றில் இரை தேடும் நீண்ட கால் பறவைகளான உள்ளான்கள் இறங்கும். ஐப்பசி மழை பிடித்தால் சேறு மூடிவிடும், அப்புறம் அவை சிதறிப் போய்விடும். அதனால் பிந்த வேண்டாம். விடிய ஆறரைக்குள் போய், வெயில் முதுகில் படுகிற மாதிரி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும்.

முதலில் உள்ளான்களில் ஒன்றான பவளக்காலியைப் பழகிக்கொள்ளுங்கள். மண்ணிற உடம்பு, செம்மஞ்சள் கால். சேற்றில் நிற்கும்போது சாதாரணமாக இருக்கும். எழும்பிப் பறந்ததும் சிறகின் பின்விளிம்பில் வெள்ளைப் பட்டி பளிச்சென்று விரியும். அதை ஒருமுறை வடிவாகக் கண்டுவிட்டால் பிறகு மறக்காது. பைனாக்குலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் போங்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் முக்கியம். நேற்று இல்லாத பறவை இன்று நிற்பது அப்படித்தான் தெரியவரும்.

வீட்டு வளவையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் வேலிப் பூவரசில் ஒவ்வொரு வருடமும் புரட்டாதி, ஐப்பசி நாட்களில் ஒரு பழுப்புக் கீச்சான் வந்து கத்தத் தொடங்கும். இரண்டு வருடத்துக்கு முந்தி ஒரு ஐப்பசிக் காலை அம்மா கூப்பிட்டார்: "தம்பி, கிணத்தடியில ஒரு வடிவான குருவி எழும்பேலாமக் கிடக்கு." ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு. இந்தியாவிலிருந்து இரவிரவாகப் பறந்து வந்து களைத்துப்போய் இப்படி விழுவது உண்டு. தண்ணீர் பருக்க முயலாமல், ஓட்டை போட்ட மட்டைப் பெட்டியில் வைத்து இருட்டான அறையில் விட்டோம். பின்னேரம் மாமரத்தடியில் பெட்டியைத் திறந்தபோது கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு தத்திப் போய்ச் சருகைப் புரட்டத் தொடங்கியது.

மூன்று நாள் அங்கேயே நின்றது. அந்த மூன்று நாளும் பூனையை வெளியே விடவில்லை.