மூழ்கிய கண்டமும் மூழ்காத பிடிவாதமும்

கேள்வி: கடல் கொண்ட குமரிக் கண்டத்தைச் சென்ற இதழில் ‘கற்பனை’ என்று போகிற போக்கில் தள்ளிவிட்டீர்கள். கடவுள் நம்பிக்கையை மதிக்கும் நீங்கள், தமிழனின் இந்த நம்பிக்கையை மட்டும் ஏன் மதிப்பதில்லை? ஆதாரமாக வரைபடமும் இணைத்திருக்கிறேன். (வாசகர், விருதுநகர்)

பதில்: மூன்று வேறு சரக்கை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். பிரித்துப் பார்த்துவிடுவோம்.

‘பஃறுளி யாற்றுடன் பன்மலை அடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள’ என்கிறது சிலப்பதிகாரம். நிலத்தைக் கடல் கொண்ட நினைவு நம்மிடம் இருந்திருக்கிறது. அதை நீங்கள் நம்பினால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சொல்லப்போனால் உங்கள் பக்கம் ஒரு புள்ளி கூடவே தருகிறேன்: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். அப்புறம் பனி உருகியது, கரையோர நிலம் கடலுக்குள் போனது. இதெல்லாம் அளந்து நிறுவிய செய்தி.

ஆனால் மடகாஸ்கர் வரை நீண்ட கண்டம் எங்கிருந்து வந்தது? இளங்கோவடிகள் சொல்லவில்லை. 1864இல் ஃபிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் சொன்னார். லெமூர் என்ற விலங்கு மடகாஸ்கரில் ஏராளம், அதன் உறவுகள் இந்தியாவிலும் உண்டு, நடுவிலோ கடல். அப்படியானால் இடையில் நிலம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து ‘லெமூரியா’ என்று பெயர் வைத்தார். அன்றைக்கு அது நல்ல ஊகம்தான். தமிழைப் பற்றி அவர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். பிறகு கண்டங்களே நகர்கின்றன என்பது தெரிந்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. இடையில் மூழ்கிய கண்டம் தேவைப்படவில்லை. விஞ்ஞானிகள் லெமூரியாவைக் கீழே போட்டுவிட்டார்கள். நாம் அதை எடுத்துக் குமரிக் கண்டம் என்று வைத்துக்கொண்டோம்.

‘மொரிஷியஸ் அடியில் பழைய கண்டம் கிடைத்ததே’ என்பீர்கள். கிடைத்தது. 2017இல் வந்த ஆய்வு, அங்கே கண்டெடுத்த சிர்கான் படிகங்களுக்குச் சுமார் 300 கோடி வயது என்றது. மனித இனத்துக்கு வயது 3 லட்சம் ஆண்டு. அந்தத் துண்டு நிலத்தில் எந்தப் பாண்டியன் சங்கம் வைத்திருக்க முடியும்?

கடவுளை நம்புகிறவர் அவருக்கு அட்சரேகை குறித்து வரைபடம் போடுவதில்லை. அதனால் நான் வாய் திறப்பதில்லை. திருநீறு பூசினால் டெங்கு போகும் என்று அவரே சொன்னால் அவரிடமும் இப்படித்தான் மல்லுக்கு நிற்பேன். எது கிடைத்தால் உங்கள் கருத்தைக் கைவிடுவீர்கள் என்று சொல்லுங்கள். ‘கடலடியில் இன்னும் சரியாகத் தேடவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘தேடினால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் தேடியது போதாது.’ இப்படிப் பிடித்துக்கொண்டால் உங்களை யாரால் தோற்கடிக்க முடியும்?

கீழடியைப் பாருங்கள். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியை, வயதைக் கணிக்கும் கரிமப் பகுப்பாய்வுக்கு அனுப்பி, கி.மு. 580 என்று முடிவு வாங்கினார்கள். தமிழகத் தொல்லியல் துறை 2019இல் அதை வெளியிட்டது. ஆழம் என்ன, பொருள் என்ன, முறை என்ன, எல்லாம் மேசைமேல் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர் அதை வைத்தே கேள்வி கேட்கலாம், நாமும் பதில் சொல்லலாம். எனக்கு எரிச்சல் இங்கேதான். கீழடியைக் குறைத்துப் பேச விரும்புகிறவருக்கு ‘இவர்கள்தானே ஐம்பதாயிரம் ஆண்டு லெமூரியா என்றவர்கள்’ என்ற ஒரு வரி போதும். அந்த வரியை அவர் கையில் கொடுப்பது நாம்தான்.

வரைபடத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கடல் கொண்ட 49 நாடுகளைச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் பெயரோடு சொல்கிறார், சரி. மடகாஸ்கர் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து ‘ஏழ்தெங்க நாடு’ என்று எழுதியிருக்கிறதே, அந்த இடத்தை வரைந்தவருக்குக் காட்டியது யார்?