ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில், வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கும் டிஎச்டி22 சென்சார் பாதி நேரம் அளவு தராமல் போவது ஏன்?

சென்சார் பழுது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் சிக்கல் நேரக்கணக்கில்தான். டிஎச்டி22 ஒரே கம்பியில் 40 பிட்டுகளை, அதாவது ஐந்து பைட்டுகளை, அனுப்புகிறது. மின்னழுத்தம் சுமார் 27 மைக்ரோவினாடி உயர்ந்து நின்றால் அந்த பிட் 0 என்று பொருள்; 70 மைக்ரோவினாடி நின்றால் 1. அந்த நேரத்தில் கணினியை இயக்கும் லினக்ஸ் வேறு வேலையைப் பார்க்கப் போனால் ஒரு பிட் தவறிவிடும்.

வரும் ஐந்து பைட்டுகள் 2, 140, 1, 95, 238 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2×256+140=652, பத்தால் வகுத்தால் ஈரப்பதம் 65.2%. அடுத்த இரண்டும் இதே கணக்கில் 351, அதாவது வெப்பநிலை 35.1 டிகிரி. முதல் நான்கின் கூட்டல் 238; கடைசி பைட்டோடு பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் அந்த அளவைத் தயங்காமல் விட்டுவிட்டு, 2 வினாடி கழித்து மீண்டும் கேளுங்கள்.

தரவுக் கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே 5 வோல்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். ராஸ்பெரி பையின் பின்கள் தாங்காது.