பதற்றப்படும் பிள்ளைக்கு நிகழ்ச்சி மேலாண்மை சரிவருமா?

உங்கள் மகள் நிகழ்ச்சி மேலாண்மை படிக்க ஆசைப்படுகிறாள். சின்ன விஷயத்துக்கே பதறுகிறவள், நிகழ்ச்சி நடுவில் மின்சாரம் போனால் என்ன செய்வாள் என்று கவலைப்படுகிறீர்கள். பதறாத குணம் இந்த வேலைக்கு நுழைவுத் தகுதி அல்ல. வெளியே சமயோசிதமாகத் தெரிவதில் பெரும்பகுதி, முன்கூட்டியே எழுதிவைத்த முடிவுகள்தான். அதைக் கற்றுக்கொள்ள முடியும்.

மின்தடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் தானாக இயங்கத் தொடங்கவே சில விநாடிகள் ஆகும். அதற்குள் மைக்குகளின் ஒலியைக் கலந்து கட்டுப்படுத்தும் டிஜிட்டல் மிக்ஸர் அணைந்துவிட்டால், மறுபடி தயாராக ஒரு நிமிடம்கூட ஆகலாம். விளக்கு எரியும், பேச்சு கேட்காது. அதனால் மிக்ஸருக்கும் மடிக்கணினிக்கும் தனி யுபிஎஸ் வேண்டும். 10 கேவிஏ ஜெனரேட்டர் 0.8 பவர் ஃபேக்டரில் (கேவிஏ-வில் உண்மையில் பயன்படும் பங்கு) தருவது 8 கிலோவாட். அதில் 6 கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இந்தக் கணக்கு தெரிந்த மாணவியைத் தொழில்நுட்பக் குழுவினர் மதிப்பார்கள்.

ஒத்திகையில் நன்றாக வேலைசெய்த கம்பியில்லா மைக், நிகழ்ச்சியில் விட்டுவிட்டுக் கேட்கும். மனித உடல் ரேடியோ அலையை உறிஞ்சுவதுதான் பல நேரங்களில் காரணம். காலி அரங்கில் இல்லாத தடை, அரங்கு நிறைந்ததும் வந்துவிடுகிறது. மைக்கின் அலையை வாங்கும் ரிசீவரின் ஆன்டெனா பார்வையாளர்களின் தலைக்கு மேலே, மேடைக்கு நேராக இருக்க வேண்டும். ஒத்திகை முடிந்ததும் பேட்டரியை மாற்றிவிட வேண்டும். மேடையோரம் ஒரு கம்பி மைக்கை இணைத்து, சோதித்து வைத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் கிடக்கும் மைக் ஆபத்துக்கு உதவாது.

சிறப்பு விருந்தினர் தாமதம், பேச்சாளர் நேரம் மீறுவது போன்றவை இதைவிட எளிது. எது எப்போது நடக்கும் என்று வரிசையாக எழுதிய ரன் ஷீட்டில் ஒவ்வொரு அம்சத்துக்கும் பக்கத்தில் ‘சுருக்கலாம்’, ‘இடம் மாற்றலாம்’, ‘தொடக்கூடாது’ என்று முதல்நாளே குறித்துவைத்தால் போதும். மாற்றத்தை வாக்கி டாக்கியில் அறிவிப்பது ஒரே ஒருவராக இருக்கட்டும்.

கூட்டம் மட்டும் வேறு. இதில் சமாளிப்பு என்ற பேச்சே கூடாது. 2010-இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் நடந்த லவ் பரேட் இசைவிழாவில், உள்ளே வந்தவர்களும் வெளியேறியவர்களும் ஒரே சரிவுப்பாதையில் நெருக்கியடித்ததில் 21 பேர் இறந்தார்கள். நிற்கும் கூட்டம் சதுர மீட்டருக்கு 5 பேரைத் தாண்டினால் ஆபத்து தொடங்கிவிடுகிறது. அப்போது வாசலை மட்டும் மூடினால் பின்னால் வருபவர்கள் முன்னால் இருப்பவர்களை நசுக்குவார்கள். வருபவர்களைத் தொலைவிலேயே நிறுத்தி, வெளியேறும் வழிகளை முழுதும் திறக்க வேண்டும். நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத நிகழ்ச்சிக்கு உங்கள் மகளைத் தன்னார்வலராகக்கூட அனுப்பாதீர்கள்.

இப்போதே அவள் செய்யக்கூடியது: கல்லூரி விழாவில் வரவேற்பு மேசையைக் கேட்காமல் மேடைக்குப் பின்னால் வேலை கேட்கட்டும். முதலுதவிப் பயிற்சி முடிக்கட்டும். ஒவ்வொரு விழாவுக்கும் மறுநாள் என்ன பழுதானது, யார் முதலில் கவனித்தார், யார் முடிவெடுத்தார், எத்தனை நிமிடம் போனது என்று ஒரு பக்கம் எழுதட்டும். நேர்காணலில் சான்றிதழைவிட அந்தக் குறிப்பேட்டைப் பற்றித்தான் அதிகம் பேச முடியும்.

படிப்பில் சேர்க்கும் முன் நிறுவனத்திடம் கேளுங்கள்: நேரடி நிகழ்ச்சிகளில் எத்தனை மணி நேரப் பயிற்சி? மின்சுமைக் கணக்கும் கூட்டப் பாதுகாப்பும் பாடத்தில் உண்டா? நள்ளிரவில் மேடை பிரித்து முடிந்த பிறகு மாணவிகள் திரும்ப வாகன ஏற்பாடு யார் பொறுப்பு?