மூளையில் வளர்ச்சிக் காரணி ஏற்பிகளை 'மேப்' போடுவது என்றால் என்ன?

வளர்ச்சிக் காரணி என்பது நரம்பு செல்லுக்கு 'சாகாதே, கிளை விடு' என்று சேதி சொல்லும் புரதம். அந்தச் சேதியைப் பிடிக்க செல்லின் மேல் இருப்பதுதான் ஏற்பி.

தண்டையார்பேட்டையில் தண்ணி லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு தெரு முழுக்கத்தான் வரும், ஆனால் வாசலில் பச்சைக் குடம் வைத்த வீட்டுக்குத்தான் தண்ணீர். எந்த வீட்டு வாசலில் எத்தனை குடம் என்று தெருத்தெருவாகக் குறிப்பதுதான் இந்த மேப்.

எப்படி எடுக்கிறார்கள்? இறந்தபின் தானமாகக் கிடைத்த மூளையை முடியைவிட மெல்லிசாகச் சீவி, லேசான கதிரியக்கம் ஏற்றிய காரணியை அதன்மேல் ஊற்றி, ஒட்டாததைக் கழுவிவிட்டு, ஃபிலிமோடு சேர்த்து வைத்தால், ஏற்பி உள்ள இடம் கறுப்பாகப் பதியும். அழகான வேலை!

சரி, எதற்கு? ரீட்டா லெவி மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் கண்டுபிடித்த (1986 நோபல்) நரம்பு வளர்ச்சிக் காரணிக்கான ஏற்பிகள், முன்மூளையின் அடிப்பகுதியில் உள்ள சில செல்களில் நிறைய உண்டு. அல்சைமர் நோயில் கடுமையாக அடிபடுவதும் அதே செல்கள்தான். மருந்து எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிய இந்த மேப் வேண்டும்.

அப்புறம், 'வளர்ச்சி' என்ற பெயரைப் பார்த்து இது மூளையைப் பெரிதாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வளர்ந்தவர்கள் மூளையில் இதன் முக்கிய வேலை, இருக்கிற செல்களையும் இணைப்புகளையும் காப்பாற்றுவது.